காற்றாலையால் வடிகால்: நெதர்லாந்து உழவர்கள் கண்ட வழி

நமக்கு நீர் இறைப்பது என்றால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்றே பொருள். நெதர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியிலோ, நிலத்தில் தேங்கும் நீரை வெளியேற்றுவதற்காகவே பல நூற்றாண்டுகளாக இறைத்து வருகிறார்கள். அங்கே பல இடங்களில் நிலமட்டம் ஆற்றின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. இப்பணிக்கென அமைக்கப்பட்ட காற்றாலைகளுள் கிண்டர்டைக் என்னும் ஊரிலுள்ள 19 ஆலைகள் புகழ்பெற்றவை. 1997ஆம் ஆண்டு இவை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நிலம் தாழ்ந்தது ஏன்?

இப்பகுதியின் மண் பெரும்பாலும் மக்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண். முற்காலத்தில் ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறப்பார்கள். வயல்நீர் தானாகவே ஆற்றில் வடிந்துவிடும். ஆனால் சதுப்பு மண்ணிலிருந்து நீர் வடிந்ததும் மண் சுருங்கியது. காற்றுப் பட்டு மேலும் மக்கியது. இதனால் நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. ஆற்றின் படுகையோ வண்டல் படிந்து உயர்ந்தது. மதகைத் திறக்கக்கூடிய நேரம் குறைந்துகொண்டே வந்தது. எனவே 1738இல் செங்கல்லால் 8 ஆலைகளும், 1740இல் கூரை வேய்ந்த 8 ஆலைகளும் கட்டப்பட்டன.

ஆலை இயங்கும் விதம்

ஆலையின் நான்கு இறக்கைகளும் மரச் சட்டங்களால் ஆனவை. ஒரு முனையிலிருந்து எதிர்முனை வரை சுமார் 28 மீட்டர் நீளம் இருக்கும். காற்று மெதுவாக வீசினால் சட்டங்களின் மேல் பாய்த்துணியை முழுவதும் விரிப்பார்கள். பலமாக வீசினால் சுருட்டிவிடுவார்கள். காற்றின் திசை மாறும்போது, பின்புறமுள்ள நீண்ட மரத்தைக் கொண்டு ஆலையின் தலைப்பகுதியைத் திருப்புவார்கள்.

இறக்கைகள் பொருத்தப்பட்ட படுக்கை அச்சில் பெரிய மரப் பற்சக்கரம் ஒன்று உண்டு. அது நடுவில் நிற்கும் செங்குத்து அச்சைச் சுழற்றுகிறது. அந்த அச்சின் அடியிலுள்ள பற்சக்கரம் நீர்ச்சக்கரத்தை இயக்குகிறது. சக்கரத்தின் பலகைகள் குறுகிய வாய்க்காலில் நீரை வாரி மேலே தள்ளுகின்றன. சக்கரம் நின்றால் நீர் திரும்பி வராமலிருக்க ஒரு கதவு உண்டு. உள்ளிருந்து வரும் நீரின் வேகத்தில் அது திறக்கும். வெளிநீர் அழுத்தினால் தானே மூடிக்கொள்ளும்.

படிப்படியாக ஏற்றம்

இத்தகைய சக்கரம் ஒன்று சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திற்கே நீரை ஏற்ற முடியும். ஆகவே வேலை படிப்படியாக நடந்தது. வயல்நீர் முதலில் தாழ்ந்த தேக்கத்தில் சேர்ந்தது. அங்கிருந்து 16 ஆலைகளும் அதை உயர்ந்த தேக்கத்திற்கு ஏற்றின. லெக் ஆற்றில் நீர் குறைந்ததும் மதகு வழியே அது வெளியேற்றப்பட்டது.

இத்தனை ஆலைகளையும் தனி உழவர் ஒருவர் நடத்த இயலாது. நிலமுடையோர் வரி செலுத்தும் நீர் வாரியங்கள் நெதர்லாந்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. கரை, வாய்க்கால், ஆலை ஆகிய அனைத்தும் அவற்றின் பொறுப்பு. ஒருவர் தம் பங்கு வாய்க்காலைத் தூர்த்துப்போக விட்டால் அண்டை வயல்களும் நீரில் மூழ்கும்.

பழைய ஆலையும் கைகொடுத்தது

1868இல் இங்கு நீராவி இறைப்பு நிலையங்கள் வந்தன. பின்னர் டீசல், மின் விசை இயந்திரங்கள் வந்தன. எனினும் ஆலைகள் இடிக்கப்படவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் அவை மீண்டும் நீர் இறைத்தன.

19 ஆலைகளுள் ஒன்றான பிளாக்வேர் ஆலை 1997இல் தீக்கிரையானது. அதையும் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். இன்று முக்கிய வடிகால் வேலையை நவீன நிலையங்கள் செய்கின்றன. ஆயினும் ஆலைகளை அவ்வப்போது ஓட்டுகிறார்கள். ஓடாமல் நிற்கும் ஆலையில் பழுது வெளியே தெரியாமல் வளரும். ஓடும் ஆலையில் உடனே தெரிந்துவிடும்.

தாழ்ந்த நிலத்தை உலர்த்தத் தொடங்கியவர்கள் அதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் நிலம் மீண்டும் நீருக்கே சொந்தம். ஆகவே வடிகால் அமைப்பதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுதோறும் கூடிப் பராமரித்தால்தான் அது பலன் தரும் என்பதே நெதர்லாந்து உழவர்கள் காட்டும் பாடம்.