வீட்டு நாய்க்கு நாலு சொல்

நம்ம லயங்களில் நாய் இல்லாத வரிசை இல்லை. ராத்திரிக் காவலுக்கும், மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றியை விரட்டவும், பிள்ளைகளுக்குத் துணைக்கும் நாய் வேண்டும். ஆனால் லயத்தில் இஸ்தோப்பும் வாசலும் அடுத்தடுத்து இருக்கின்றன. உங்கள் நாய் சொன்னபடி கேட்காவிட்டால் பீலிக்குப் போகிற பிள்ளை பயப்படும். பக்கத்துக் காம்பராக் கோழி காணாமல் போகும். அந்தச் சண்டையில் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் போகும். ஆகவே நாய்க்கு நாலு சொல் படிப்பித்து வைப்பது அவசியம்.

முதலில் வீட்டார் படிக்க வேண்டியது

அம்மா "இங்க வா" என்கிறார். மூத்த பையன் "கம்" என்கிறான். தாத்தா விசில் அடிக்கிறார். நாய் யார் பேச்சைக் கேட்கும்? நாய்க்கு அர்த்தம் தெரியாது, சத்தம்தான் தெரியும். அதனால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு வேலைக்கு ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.

1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், சாப்பாட்டுக்கு அடையாளமான சத்தத்தைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். நாம் செய்யப் போவதும் இதுபோலத்தான். சொல்லைக் கேட்டுச் செய்தால் நல்லது கிடைக்கும் என்று நாய்க்குப் பழக வேண்டும். நகத்தளவு ரொட்டித் துண்டு போதும். ஆனால் செய்த அந்த நிமிஷமே கொடுக்க வேண்டும். பிந்திக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்கு விளங்காது.

நாலு சொல்

1. வா: ஐந்து அடி தள்ளி நின்று பெயரைச் சொல்லி, "வா" என்று ஒரு தரம் சொல்லுங்கள். வந்ததும் தடவி, துண்டைக் கொடுங்கள். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூப்பிட்டு அடிக்கவே கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த தரம் வராது.

2. உக்காரு: துண்டை மூக்குக்கு மேலே பிடித்து, தலைக்குப் பின்பக்கமாக மெதுவாகக் கொண்டு போங்கள். தலை மேலே போக, பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். அப்போது சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்.

3. நில்லு: உட்கார்ந்த நாய்க்கு உள்ளங்கையைக் காட்டி "நில்லு" என்று சொல்லி, ஒரு அடி பின்னால் போங்கள். இரண்டு எண்ணி, திரும்பி வந்து கொடுங்கள். பிறகு ஐந்து, பத்து என்று கூட்டுங்கள்.

4. விடு: துண்டைக் கைக்குள் பொத்திக் காட்டி, "விடு" என்று சொல்லுங்கள். முகரும், நக்கும், பேசாமல் இருங்கள். மூக்கை எடுத்ததும் மற்றக் கையால் வேறு துண்டு கொடுங்கள். கோழி, செருப்பு, செத்த எலி எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் உதவும்.

ஒரு தரத்துக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தரம் போதும். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பின்னேரம் தேத்தண்ணி குடித்தபின் ஒன்று. இரண்டு மாதக் குட்டியிலேயே தொடங்கலாம். வளர்ந்த நாயும் படிக்கும், நாள்தான் கூடச் செல்லும்.

அடித்தால் படியாதா?

"அடிச்சாத்தான் நாய் அடங்கும்" என்று பலர் சொல்கிறார்கள். அடிபட்ட நாய் படிப்பது கையைப் பார்த்துப் பயப்படத்தான். பயந்த நாய்தான் கடிக்கும். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்க்கும் கோபம் கூடும். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். விளையாட்டுக்கும் ஆட்களைக் காட்டி சூக்காட்ட விடாதீர்கள். தின்கிற, தூங்குகிற, குட்டி போட்ட நாயைத் தொடக்கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஊசி போடும் நாள்

இந்த நாலு சொல்லின் பெரிய பலன் இங்கேதான். விசர்நாய்த் தடுப்பூசி நாய்க்கு வருஷா வருஷம் போட வேண்டும். ஊசி போட வருகிறார்கள் என்றதும் தேயிலைக்குள் ஓடுகிற நாய்க்கு யார் ஊசி போடுவது? "வா" என்றால் வந்து, "நில்லு" என்றால் நிற்கிற நாய்க்கு ஒரு நிமிஷத்தில் வேலை முடியும். ஓடின நாய் அந்த வருஷம் முழுக்க ஊசி இல்லாத நாய். அதே வாசலில்தான் நம்ம பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் நோயின் குறிகள் தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நேரத்துக்கு ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: கொப்பித் தாளில் இந்த நாலு சொல்லையும் பெரிதாக எழுதி, காம்பராக் கதவில் ஒட்டுங்கள். இந்தக் கிழமை "வா" மட்டும். அது சரிவந்த பிறகு அடுத்த சொல்லுக்குப் போங்கள். அப்பாவோ, தாத்தாவோ வேறு சொல் சொன்னால், கதவைக் காட்டுங்கள்!