மொறிஸ் மைனரின் பொயின்ற்றைப் பராமரித்தல்

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாதபோது மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் அறிவீர்கள். சிறிது பெற்றோலில் இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அதற்குப் பலமான பொறி தேவை. பொறி மங்கினால் முதலிற் பார்க்கவேண்டியது பொயின்ற்.

திறப்பை நிறுத்திவிட்டு டிஸ்ரிபியூட்டர் மூடியையும் றோட்டரையும் கழற்றுங்கள். பொயின்ற் முனைகள் இலேசான சாம்பல் நிறமாயின் நன்று. ஒன்றில் மேடும் மற்றதிற் குழியும் விழுந்திருந்தால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். பொயின்ற்றை மட்டும் மாற்றி நாம் பலமுறை ஏமாந்திருக்கிறோம்!

மேட்டை மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்தபின், கைபிடியால் எஞ்சினைச் சுழற்றி, பொயின்ற் முழுமையாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். ஆணியை இறுக்கும்போது இது அசையும். ஆகவே மீண்டும் அளக்கவேண்டும். பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி பிந்தி விழும். வண்டி இழுவையிழந்து சூடாகும். குதி உராயும் இடத்தில் மிகச் சிறிதளவு கிறீஸ் போதும். கூடினால் முனையிற் பட்டுக் கருகும்.

பழைய மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் பறப்புச் சில்லின் உள்ளே இத்தகைய பொயின்ற் உண்டு. அதன் இடைவெளியை அந்த இயந்திரத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.