இலாகாக்களை எண்ணுவதற்கு முன்

உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டில் தேசிய அமைச்சரவை பதவியேற்றால், எந்தத் தரப்புக்கு எத்தனை இலாகா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் அதை எழுதப்போகும் செய்தியாளராக இருந்தாலும், அமைதிப் பேச்சுக்கு வரைவு தயாரிப்பவராக இருந்தாலும், அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பதவியை யார் கொடுக்கிறார், யாரால் பறிக்க முடியும், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தென் சூடானை எடுத்துக்கொள்வோம். முதல் அமைதி ஒப்பந்தத்தின்படி 2016 ஏப்ரலில் எதிரணித் தலைவர் ரீக் மச்சார் தலைநகர் ஜூபாவுக்குத் திரும்பி முதல் துணை அதிபரானார். அவருடைய படையாட்களும் கூடவே வந்தார்கள். அதிபர் சல்வா கீரின் படையும் அதே ஊரில் இருந்தது. ஜூலை 8 அன்று தலைவர்கள் இருவரும் அதிபர் மாளிகைக்கு உள்ளே இருக்க, வெளியே இரு தரப்பு மெய்க்காவலர்களும் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மச்சார் காட்டு வழியே காங்கோவுக்குத் தப்பினார். அவருடைய பதவியில் அவர் அணியைச் சேர்ந்த தபான் டெங் காயையே கீர் அமர்த்தினார். அமைச்சரவை பெயரளவில் பிழைத்தது; போர் திரும்பி வந்தது.

2018 செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் கையெழுத்தான மறு ஒப்பந்தம் கணக்கை இன்னும் கறாராக எழுதியது. 35 அமைச்சர்களில் கீர் தரப்புக்கு 20, மச்சார் அணிக்கு 9, பிற அணிகளுக்கு 6. ஐந்து துணை அதிபர்கள். பெண்களுக்கு 35 சதவீதம். ஆனால் இரு படைகளையும் ஒன்றாக்கும் வேலை முடியாமலே 2020 பிப்ரவரியில் அரசு அமைந்துவிட்டது. ஒருங்கிணைந்த படையின் முதல் அணி பயிற்சி முடித்து வெளிவந்தது 2022 ஆகஸ்டில்தான். இந்த வரிசை எனக்கு அன்றும் கவலை தந்தது, இன்றும் தருகிறது. படையை இணைப்பதற்குத் தேதியும் கண்காணிப்பும் இல்லாத பதவியேற்பு விழாவுக்கு அவசரப்பட வேண்டாம் என்றே எந்தத் தரப்புக்கும் சொல்வேன்.

அடுத்தது நீக்கும் அதிகாரம். ஒரு தரப்பின் அமைச்சரை மாற்றும் உரிமை அந்தத் தரப்புக்குத்தான் என்பது ஒப்பந்தத்தின் ஏற்பாடு. 2023 மார்ச்சில் கீர் தன்னிச்சையாக ஆணையிட்டு, மச்சார் அணியின் பாதுகாப்பு அமைச்சரும் மச்சாரின் மனைவியுமான ஏஞ்சலினா டெனியை நீக்கி, பாதுகாப்பைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு உள்துறையை அவர்களுக்குத் தள்ளினார். எண்ணிக்கை மாறவில்லை, படையின் பொறுப்பு கைமாறிவிட்டது. 2025 மார்ச்சில் மச்சாரே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வரைவு எழுதுபவர்கள் இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: "கலந்தாலோசித்து" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ஆலோசிக்காமல் செய்தால் அந்த ஆணை செல்லுமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

இலாகாவைப் பிரிக்கும் முறைக்கு வட அயர்லாந்து நல்ல பாடம். 1998 அமைதி ஒப்பந்தத்தின்படி அங்கே பேரம் கிடையாது, வகுத்தல் கணக்குதான். அப்போதைய சட்டமன்றத்தில் நான்கு பெரிய கட்சிகளுக்கு 28, 24, 20, 18 இடங்கள் இருந்தன. அதிக எண் உள்ள கட்சி முதலில் ஓர் இலாகாவைத் தேர்ந்தெடுக்கும். உடனே அதன் எண் இரண்டால் வகுக்கப்பட்டு 14 ஆகும். அடுத்த பெரிய எண் உள்ள கட்சிக்கு முறை வரும். ஒரு கட்சி இரண்டாவதாக எடுத்தபின் அதன் மூல எண்ணை மூன்றால் வகுப்பார்கள். இப்படி 10 இலாகாக்கள் 3, 3, 2, 2 என்று முடிந்தன. 1999 நவம்பரில் சின் ஃபெய்ன் கட்சி தன் முதல் முறையிலேயே கல்வித் துறையை எடுத்து மார்ட்டின் மெக்கின்னஸை அமைச்சராக்கியது. ஐஆர்ஏ ஆயுதக் குழுவின் முன்னாள் தளபதி கையில் பள்ளிக்கூடங்களா என்று எதிர்த்தரப்பு கொதித்தது. ஆனாலும் தடுக்க வழியில்லை, முறை அவர்களுடையது. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் கூடும் இடத்தில் இந்த இயந்திரத்தனம் பெரிய வரம். கூடவே இலாகாக்களைச் சமமான கனத்தில் பிரித்து வைக்க வேண்டும். நிதியும் காவல்துறையும் ஒரே கையில் சேர விட்டால் கணக்கு நியாயமாக இருந்தும் பயனில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியலமைப்பு, அமைச்சரவைக்குள் யார் வரலாம் என்பதையும் எண்ணாலேயே வரையறுத்தது: நாடாளுமன்றத்தில் 20 இடம் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு, 80 இடம் பெற்றால் துணை அதிபர் பதவி. 82 இடம் பெற்ற தேசியக் கட்சியின் டி கிளார்க் அப்படித்தான் துணை அதிபரானார்.

தலைநகரோடு பார்வையை நிறுத்திவிடாதீர்கள். தென் சூடானில் அப்பர் நைல் மாநில ஆளுநர் பதவி மச்சார் அணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் முன்மொழிந்த தளபதி ஜான்சன் ஒலோனியைக் கீர் ஏற்க மறுத்தார். இழுபறியில் 2021 ஜனவரி வரை அந்த மாநிலத்துக்கு ஆளுநரே இல்லை. ஆகவே அமைச்சர் பட்டியல் கைக்கு வந்ததும் ஆளுநர், மாவட்ட ஆணையர் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஒருவர் வெளியேறினால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். வட அயர்லாந்தில் முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவர்கள். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். 2017 ஜனவரியில், அப்போது துணை முதலமைச்சராக இருந்த மெக்கின்னஸ் விலகியதும் மூன்று ஆண்டுகள் அங்கே அரசு இல்லை. மற்ற அமைச்சர்கள் குறிப்பிட்ட காலம் வரை பொறுப்பில் தொடரலாம் என்று 2022-ல்தான் சட்டம் செய்தார்கள். உங்கள் வரைவில் அந்த விதி முதல் நாளிலேயே இருக்கட்டும், கால வரம்போடு.