காடு காக்கும் உரிமை

சென்னைக்கு மேற்கே, கூவத்தின் கரையில் திருவேற்காடு என்னும் பழம்பதி உள்ளது. வேல் என்பது வேலமரம். அதனோடு காடு என்னும் சொல் சேர்ந்து வேற்காடு ஆயிற்று. அவ்வூர்ச் சிவன்கோயிலின் தலமரம் வெள்வேல். அதற்கு வடக்கே, ஆவடியை அடுத்துத் திருமுல்லைவாயில் இருக்கிறது. தன் யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடிகளைத் தொண்டைமான் வாளால் வெட்டினான் என்பது அத்தலத்து வரலாறு. யானையையே தடுத்து நிறுத்திய காடு எத்துணை அடர்ந்ததாயிருத்தல் வேண்டும்! 1965-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியது; அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது; மனைகள் பெருகின. காடுகள் ஊர்ப்பெயர்களில் எஞ்சின.

காட்டுக்குப் பேரிடர் நேர்வது அது கைமாறும் காலத்திலேயாம். தந்தை பேணிய தோப்பை மைந்தன் விற்பான், வாங்கியவன் வெட்டுவான். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கோயிற் பூந்தோட்டத்தைப் பேணுதற்கென நிலம் விட்டு, அதனைத் திருநந்தவனப்புறம் என வழங்கினர். ஞாயிறும் திங்களும் உள்ளவரை அக்கொடை நிலைபெறுக எனக் கல்லில் வெட்டினர்.

1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. காடு தம் கையை விட்டுப் போகும் என அஞ்சிய உரிமையாளர் சிலர் மரங்களை வெட்டி விற்கலாயினர். அதனைத் தடுக்கவே 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மாவட்ட ஆட்சியரின் முன் இசைவின்றி அத்தகைய காட்டை விற்றலும் மரம் வெட்டுதலும் கூடா என அது விதித்தது. நிலம் உரியவனிடமே இருந்தது. அழிக்கும் உரிமை மட்டும் கட்டுண்டது.

அமெரிக்க நாட்டிலோ இக்கட்டுப்பாட்டை உரியவன் தானே விரும்பி ஏற்கிறான். மனை பிரிக்கும் உரிமையை ஓர் அறநிறுவனத்துக்கோ அரசுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, அளவாக மரம் வெட்டும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அவ்வாவணம் நிலத்தோடு செல்வதால், பின்னர் வாங்குவோரையும் பிணிக்கும். அவ்வுரிமைக்கு விலையும் உண்டு. நிலத்தின் முழு மதிப்பிலிருந்து, கட்டுப்பாடு ஏற்றபின் அதற்குள்ள மதிப்பைக் கழித்தால் எஞ்சுவதே அவ்விலை. 1990-இல் தோன்றிய காட்டு மரபுத் திட்டத்தின்கீழ், செலவில் முக்காற்பங்குவரை அந்நாட்டு நடுவணரசு மானியம் அளிக்கும்.

நம் நாட்டிலும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உண்டு. ஆயின், வழி, வெளிச்சம், நீர் போன்றவற்றை அயல்நிலத்தான் துய்ப்பதற்கே அது பயன்படும். அயலில் நிலமில்லாத சங்கமொன்று காட்டின்பொருட்டு அவ்வுரிமை பெற அதில் இடமில்லை. ஆதலின் இங்குக் காடு காக்க விழைவோர் நிலத்தையே வாங்குகின்றனர்; அன்றேல் அரசின் அறிவிப்பை நாடுகின்றனர். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 ஹெக்டேர் நிலம் 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது.