புதிரும் பொருள்கோளும்: சிறு துப்பறி கணினி விளையாட்டுகளைச் சுவைக்கும் நெறி

முன்னுரை

வினவுதல் மனித இயல்பு. விடை காணும்வரை மனம் அமைதி கொள்ளாதிருப்பதும் அவ்வியல்பின் மற்றொரு கூறே. இவ்விரண்டின் இடையில் தோன்றிய இலக்கிய வகைதான் புதிர். தொல்காப்பியர் செய்யுளியலில் 'பிசி' என்னும் வகையைச் சுட்டி, அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டியுள்ளார். நாட்டுப்புற மக்களின் நாவில் அது விடுகதையாக வாழ்கிறது. இசுலாமியத் தமிழ் இலக்கியமோ தன் வாயிலையே வினாவால் திறந்து கொண்டது. முழுமையாகக் கிடைத்துள்ள முதல் இசுலாமியத் தமிழ்நூலாகக் கருதப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572-இல் எழுந்தது. 'மசலா' என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவமாகும். பின்னர் வந்த 'நூறு மசலா'வில் இளவரசி ஒருத்தி வினாக்களைத் தொடுக்க, நாயகன் விடை பகர்ந்து வெல்கிறான்.

இத்தகைய மரபுக்கு உரிய நாம், இக்காலத்தில் புதிர் எந்த வடிவில் இளைஞர்களின் கைக்கு வந்து சேர்கிறது என்பதை அறிய வேண்டாவா? கணினி விளையாட்டு என்றவுடன் பெற்றோர் முகம் சுளிப்பதும், மாணவர் அதனை மறைத்து வைத்துக்கொள்வதும் நாம் அன்றாடம் காண்பவை. இவ்விரு நிலையினின்றும் விலகி, தனியொருவரோ சிறு குழுவினரோ உருவாக்கிய மூன்று துப்பறி விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நூலை ஆராய்வது போல அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு விளையாட்டு என்பது யாது?

பெரு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு உருவாக்கும் விளையாட்டுகள் ஒருபுறம் இருக்கின்றன. முடிவே இல்லாது தொடர்ந்து, இடையிடையே பணம் செலுத்தத் தூண்டும் கைப்பேசி விளையாட்டுகள் மறுபுறம் இருக்கின்றன. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையே நாம் இங்குக் கருதுவது. இவை ஒருமுறை விலை கொடுத்துப் பெறத்தக்கவை. தொடக்கமும் நடுவும் முடிவும் உடையவை. இங்கு ஆராயப்படும் மூன்றனுள் ஒன்றை இரண்டு மூன்று மணி நேரத்திலும், ஏனைய இரண்டையும் ஏறத்தாழப் பத்து மணி நேரத்திலும் ஆடி முடித்துவிடலாம். ஒரு நாவலைப் படித்து முடிக்கும் கால அளவே இது. முடிவு உண்டு என்பதே இவற்றின் தலையாய சிறப்பு எனலாம். முடிவுள்ள ஒன்றையே நாம் முழுமையாக நோக்கவும் மதிப்பிடவும் இயலும்.

காண்டலும் கருதலும்: 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'

அமெரிக்கரான லூகாஸ் போப் சப்பானில் வாழ்ந்தவாறு ஏறக்குறையத் தனியொருவராய் உருவாக்கிய இவ்விளையாட்டு 2018-இல் வெளிவந்தது. கதை இதுதான்: 1802-இல் புறப்பட்டுப் பின்னர்க் கடலில் காணாமற்போன 'ஓப்ரா டின்' என்னும் வணிகக் கப்பல், 1807-இல் ஆளரவமின்றி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தருகே மிதந்து வருகிறது. அதில் சென்றவர் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறிந்து எழுதுமாறு கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் காப்பீட்டு ஆய்வாளரே ஆடுபவர்.

ஆய்வாளரிடம் ஒரு மாயக் கடிகாரம் உண்டு. இறந்தவர் உடலருகே அதனைத் திறந்தால், முதலில் இறப்பிற்கு முந்திய சில நொடிகளின் ஒலி கேட்கும். பின்னர் இறப்புக் கணம் சிலை போல் உறைந்து நிற்கும். அதனுள் நாம் நடந்து பார்க்கலாம். எதனையும் மாற்ற இயலாது. கையிலுள்ள குறிப்பேட்டில் கப்பலோரின் பெயர்ப் பட்டியலும், பணியும், பிறந்த நாடும், அனைவரின் முகங்களையும் தீட்டிய ஓவியமும் உள்ளன. எந்த முகத்திற்கு எந்தப் பெயர் என்பதே புதிர்.

நம் முன்னோர் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். இவ்விளையாட்டு அம்மூன்றையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது. உறைந்த காட்சியைக் காண்டல், செவியில் விழும் உரையாடலை உரையாகக் கொள்ளுதல், இரண்டையும் இணைத்துக் கருதுதல் என்பதே அதன் நெறி. ஒரு காட்சியில் மாலுமிகள் தூளி போன்ற தொங்கு படுக்கைகளில் உறங்குகின்றனர், முகம் தெரிவதில்லை. ஆயினும் படுக்கையில் கட்டிய எண், பெயர்ப் பட்டியலின் வரிசை எண்ணோடு ஒத்திருக்கிறது. வெளியே நீட்டிய காலில் உள்ள காலணியை நினைவிற் கொண்டால், வேறொரு காட்சியில் அதே காலணி அணிந்தவனை அடையாளம் காணலாம்.

ஊகித்து வெல்வதைத் தடுக்க ஆசிரியர் ஒரு விதியை அமைத்துள்ளார். ஒருவரது விவரத்தைச் சரியாக எழுதியவுடன் 'சரி' என்று விளையாட்டு கூறிவிடாது. மூவர் விவரம் பிழையின்றி அமைந்த பின்னரே அம்மூன்றையும் ஒருசேர உறுதிப்படுத்தும். ஆதலால் குருட்டடியாக விடை எழுதுவோன் முன்னேற முடிவதில்லை. அறுபது பேரைக் கொண்ட பட்டியலில், மூன்று விடைகளை ஒருங்கே ஊகத்தால் எட்டுதல் அரிதினும் அரிது. இவ்வொரு விதி, ஆடுபவனைச் சிந்திப்பவனாக மாற்றிவிடுகிறது.

இங்கு நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. பட்டியலில் சீனர், பாரசீகர், உருசியர் ஆகியோருடன் இந்திய மாலுமிகளும் உள்ளனர். அவருள் ஒருவர் பெயர் சையது. அவரும் மற்றோர் இந்திய மாலுமியும் போரிலோ புயலிலோ மடிவதில்லை. பயணத் தொடக்கத்திலேயே நோயுற்று இறக்கின்றனர். கதையின் பெரு நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு இடமில்லை. எனினும் அவர்தம் பெயரையும் முடிவையும் எழுதாமல் ஏடு நிறைவுறாது. கம்பெனிக் கப்பல்களில் 'லஸ்கர்' என்னும் பெயரால் உழைத்த ஆசிய மாலுமிகள் பலர், வரலாற்றின் ஓரத்தில் நின்றவர்களே. மரக்கலத் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த கடற்கரை ஊர்களைச் சார்ந்த நம் மாணவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இறந்தவனுக்கு அவன் பெயரை மீட்டுத் தருவதும் ஒரு கடமை என்பதை இவ்விளையாட்டு உரை எதுவும் நிகழ்த்தாமலே உணர்த்துகிறது.

கூற்றும் கொண்டுகூட்டும்: 'ஹர் ஸ்டோரி'

சாம் பார்லோ என்பவர் 2015-இல் வெளியிட்ட விளையாட்டு இது. பழைய காவல்துறைக் கணினி ஒன்றின் முன் நாம் அமர்கிறோம். 1994-இல் ஒரு பெண்ணிடம் ஏழு முறை நடந்த விசாரணையின் ஒளிப்பதிவுகள் அதில் உள்ளன. காணாமற்போன கணவனைப் பற்றியது விசாரணை. பதிவுகள் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் அச்சொல் இடம்பெறும் துண்டுகள் வரும். அவற்றுள்ளும் முதல் ஐந்தை மட்டுமே காணலாம். ஆகவே பொதுச்சொல்லால் பயனில்லை; பொருத்தமான சொல்லைத் தேர்தல் வேண்டும். ஒரு துண்டில் தற்செயலாக அவள் உதிர்க்கும் ஓர் ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ அடுத்த கதவின் திறவுகோலாகிறது.

தமிழ் மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஏனெனில் அப்பெண்ணின் விடைகள் மட்டுமே நமக்குக் கேட்கின்றன. காவலர் கேட்ட வினாக்கள் கேட்பதில்லை. அகப்பாடலும் இவ்வாறே அமைந்துள்ளதன்றோ! தலைவியின் கூற்று மட்டும் ஒலிக்கிறது. தோழி எதிரே நிற்பதையும், சிறைப்புறத்தே தலைவன் கேட்டு நிற்பதையும் நாமே உய்த்துணர்கிறோம். சிதறிய துண்டுகளைத் தக்கவாறு இணைத்துப் பொருள் காண்பது, யாப்பிலக்கணம் கூறும் கொண்டுகூட்டுப் பொருள்கோளை நினைவூட்டுகிறது. மற்றொரு சிறப்பும் உண்டு. 'நீ கண்ட விடை சரி' என்று இவ்விளையாட்டு இறுதிவரை கூறுவதில்லை. ஆடியவர் இருவர் வெவ்வேறு முடிவுகளோடு எழுந்து, தத்தம் சான்றுகளைக் காட்டி வாதிடுவர். உரையாசிரியர்கள் ஒரே நூற்பாவிற்கு வேறுவேறு பொருள் கண்டு, தத்தம் கொள்கையை நிறுவிய மரபு நமக்குப் புதிதன்று.

மொழியே புதிராதல்: 'சான்ட்ஸ் ஆஃப் சென்னார்'

பிரான்சின் துலூஸ் நகரைச் சார்ந்த ருன்டிஸ்க் என்னும் சிறு குழுவினர் 2023-இல் வெளியிட்டது இது. பாபேல் கோபுரக் கதையை அடியொற்றியது. கோபுரத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வோர் இனத்தார் வாழ்கின்றனர். மொத்தம் ஐந்து மொழிகள். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமையால் அச்சமும் பகையும் நிலவுகின்றன. மொழியறியாத பயணியாக நாம் அங்கு நுழைகிறோம்.

அகராதி இல்லை, ஆசான் இல்லை. கதவருகே எழுதிய குறி, ஒருவர் கையசைத்துக் கூறும் சொல், சுவரோவியத்தின் கீழ் உள்ள எழுத்து ஆகியவற்றைக் கண்டு பொருளை ஊகித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். போதிய குறிகள் சேர்ந்தபின் படங்கள் நிறைந்த பக்கம் ஒன்று திறக்கும். அப்படங்களோடு குறிகள் யாவும் சரியாகப் பொருந்தினால்தான் பொருள் உறுதியாகும். மொழிதோறும் இலக்கணம் மாறுகிறது. ஒரு மொழியில் பன்மை, சொல்லை இரட்டித்துக் கூறுவதால் உணர்த்தப்படுகிறது. மற்றொன்றில் செயப்படுபொருள் தொடரின் முன்னே வருகிறது. மொழியியல் வகுப்பில் கரும்பலகையில் கேட்டவை இங்குக் கையால் பயின்றறியும் உண்மைகளாகின்றன.

மறைபொருளை அமைப்பால் அறியும் கலை நம் நாகரிக வரலாற்றோடும் தொடர்புடையது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறையெழுத்துகளை அவை பயின்றுவரும் எண்ணிக்கையைக் கொண்டு விடுவிக்கும் முறையை வகுத்துரைத்தார். குழப்பமாகத் தோன்றுவதனுள் ஒழுங்கு உண்டு என்னும் நம்பிக்கையே அவர் ஆய்வின் அடித்தளம். இவ்விளையாட்டும் அதே நம்பிக்கையின் மீது எழுந்ததே.

விளையாட்டின் நிறைவில் பயணியின் பணி மாறுகிறது. ஒரு மொழியை அறிதலோடு நில்லாது, ஓர் இனத்தார் கூற்றை மற்றோர் இனத்தார்க்கு மொழிபெயர்த்துக் கூறி அவர்களை இணைக்கிறான். மனிதர் பல இனத்தாராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்னும் திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயக் கருத்து இங்கு நம் நினைவிற்கு வருவது இயல்பே.

சுவைக்கும் நெறி

நூலைப் பயில்வதற்கு நெறி இருப்பது போல் இவற்றிற்கும் உண்டு. முதலாவதாக, தாளும் எழுதுகோலும் அருகிருத்தல் வேண்டும். கண்டதையும் கருதியதையும் வேறுவேறாக எழுதுதல் நலம். கருதியதைக் கண்டதாக மயங்குவதே பெரும்பாலான பிழைகளின் ஊற்று. இரண்டாவதாக, விடைகளைப் பிறர் எழுதிவைத்த குறிப்புகளில் தேடலாகாது. புதிரை ஒருமுறைதான் விடுவிக்க இயலும். விடையறிந்த விடுகதை மீண்டும் புதிராவதில்லை. மூன்றாவதாக, இருவர் மூவர் கூடியிருந்து ஆடுதல் சிறப்பு. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். தன் கருத்தைச் சான்றோடு எடுத்துரைக்கும் பழக்கமும் வளரும். நான்காவதாக, வழி அடைபட்டபோது எழுந்துவிட வேண்டும். தொழுகைக்கான அழைப்போ, பாடவேளையோ, உறக்கமோ குறுக்கிடின் அதுவே நல்ல இடைவேளை. புதிர் எங்கும் ஓடிவிடாது; மனம் ஓய்ந்த பின் விடை தானே துலங்குவதும் உண்டு.

ஐயமும் விடையும்

பெரியோர் எழுப்பும் ஐயங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. காலம் இறைவன் தந்த அமானிதம். அது வீணாகலாமோ என்பது முதல் ஐயம். காலத்தை எல்லையின்றி விழுங்கும் விளையாட்டுகளைக் குறித்து அவர்தம் அச்சம் நேரியதே. அதனாலன்றோ முடிவுள்ளவற்றை நாம் வேறுபடுத்திக் காட்டினோம். உள்ளடக்கம் தகுமோ என்பது இரண்டாம் ஐயம். 'ஓப்ரா டின்' கொடிய இறப்புக் காட்சிகளை உடையது. 'ஹர் ஸ்டோரி' கொலையையும் மணவாழ்வின் முறிவையும் பேசுவது. இவை இரண்டும் முதிர்ந்த மாணவர்க்கே உரியன. சிறுவர் கையில் தரத்தக்கன அல்ல. 'சென்னார்' குடும்பத்தார் கூடியிருந்து ஆடத்தக்கது.

இப்பயிற்சியை நூல்களே தரமாட்டாவோ என்பது மூன்றாம் ஐயம். தரும், பலவாற்றானும் மிகுதியாகவே தரும். சொல்வளமும் நடையழகும் நூலிடமே உள்ளன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. துப்பறியும் நாவலில் வாசகன் சிந்தியாது பக்கங்களைப் புரட்டினாலும் இறுதியில் விடை அவன் மடியில் வந்து விழும். இவ்விளையாட்டுகளிலோ சிந்தியாதவனுக்கு அடுத்த பக்கம் திறவாது. ஆகவே விளையாட்டு நூலுக்கு மாற்றன்று. நூலைக் கூர்ந்து படிக்கும் பழக்கத்திற்கு ஒரு துணை என்று கொள்வதே முறை.

முடிவுரை

இங்கு நோக்கிய மூன்றும் பிற நாட்டார் படைப்புகள், தமிழில் வெளிவராதவை. எனினும் அவற்றைப் பொருளுணர்ந்து சுவைப்பதற்கான கருவிகள் நம் இலக்கணத்திலேயே உள்ளன என்பதைக் கண்டோம். பிசியும், மசலாவும், கூற்றும், பொருள்கோளும் தேர்வுத்தாளில் எழுதி மறப்பதற்குரியன அல்ல. கணினித் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரே வளாகத்தில்தான் பயில்கின்றனர். ஒருவரிடம் கருவி உண்டு. மற்றவரிடம் கதையும் புதிரும் உண்டு. பெருந்தொகையோ பெருங்கூட்டமோ இன்றியே இத்தகைய ஆக்கங்கள் உருவாகும் என்பதற்கு நாம் கண்ட படைப்பாளிகளே சான்று. இவ்விரு துறையினரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்வரேல், ஒரு பழந்தமிழ் மசலா புதிய திரையில் வினவத் தொடங்கும் நாள் தொலைவில் இல்லை. அம்முயற்சிக்கு வல்ல இறைவன் துணை நிற்பானாக!