"தம்பி, ஜெனரேட்டரைப் போடு!"

நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, கல்யாண மண்டபம் என்று வேலை செய்கிறார்கள். கரண்ட் போனதும் முதலாளி கூப்பிடுவது அவர்களைத்தான். எப்படிப் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கொழும்பின் வெளிச்சத்தில் நம் மலைத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. காசல்ரீ, மவுசாக்கலை அணைகளை நாம் தினமும் பார்க்கிறோமே! 1996இல் மழை பொய்த்தபோது மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் இருட்டானது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார்.

சரி, எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்? ஒரு சாப்பாட்டுக்கடையை எடுத்துக்கொள்வோம். பல்புகளுக்கு 300 வாட், ஃபேன்களுக்கு 450, இரண்டு பிரிஜ்ஜுக்கு 600, ஒரு குதிரைவலு தண்ணீர் மோட்டாருக்கு 1000. மொத்தம் 2350 வாட். "அப்போ 3 கேவிஏ போதுமே" என்று வாங்கினால், மோட்டார் போட்ட உடனே இயந்திரம் திணறி நின்றுவிடும். ஏனென்றால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் கரண்ட் இழுக்கும். இந்தக் கடைக்கு 7.5 கேவிஏ வேண்டும். அதற்காக மலிவாகக் கிடைக்கிறதென்று 25 கேவிஏ வாங்குவதும் பிழை. டீசல் இயந்திரம் நீண்ட நேரம் மூன்றில் ஒரு பங்குச் சுமைகூட இல்லாமல் ஓடினால் டீசல் முழுக்க எரியாது; கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு புகைக்குழாயில் ஒழுகும்.

டீசலா, கேஸா? சின்ன டீசல் இயந்திரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 லீற்றர் குடிக்கும். நம் கடைக்கு மணிக்கு ஒரு லீற்றர் என்று வையுங்கள். டீசலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் தண்ணீர் சேர்ந்து கெடும். கேஸ் கெடாது, புகையும் குறைவு. ஆனால் நம் நாட்டில் கேஸ் குழாயில் வருவதில்லை, சிலிண்டரில்தான். 2022இல் இரண்டுக்குமே வரிசையில் நின்றோம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கான் வழியாகவும் கீழ்த்தளத்திலும் தேங்கி நிற்கும். எங்கள் அபிப்பிராயம், நெருக்கமான கொட்டாஞ்சேனைக் கட்டடங்களுக்கு டீசலே மேல். வெள்ளவத்தையில் கடல் காற்று உப்பு. அங்கே மூடியும் வயர் முனைகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். சில வருஷங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் நமக்குத் தெரிந்த பையன் ஒருவன், களவு போகுமே என்று ஜெனரேட்டரைப் பின்னறைக்குள் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடவிட்டான். தலை இடித்தது, வாந்தி வந்தது. பசி என்று நினைத்து உட்கார்ந்தான். பக்கத்துக் கடைக்காரர் எதேச்சையாக வந்திராவிட்டால் அவன் இன்று இல்லை. புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. புகை தெரியாவிட்டாலும் அது இருக்கும். டீசல், பெற்றோல், கேஸ் எதுவானாலும் அப்படித்தான். ஜன்னல் திறந்திருந்தாலும் உள்ளே வைக்கக்கூடாது. வெளியே, கதவு ஜன்னலுக்குத் தூரமாக, புகைக்குழாய் ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்தபடி வையுங்கள். பெற்றோல் இயந்திரமானால் சூடாக இருக்கையில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

சிலர் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர்ச் சொக்கெட்டில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் வெளிக் கம்பிக்கும் ஏறும். டிரான்ஸ்ஃபோர்மர் அதையே 11,000 வோல்ட்டாக்கிவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத் தொடுவார். மாற்றுச் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பூட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். பூட்டும் வரை, இயந்திரத்திலிருந்து தனி வயர் இழுத்து வேண்டிய சாமானுக்கு மட்டும் கொடுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் ஒருவருக்குத் தலை சுற்றினால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.