நோயாளியின் அறையில் காற்று: மின்விசிறி, ஏ.சி. பழுதுகளை முன்கூட்டியே அறிதல்

மருந்துக்கு அளவு உண்டு. உணவுக்கும் அளவு உண்டு. நோயாளி படுத்திருக்கும் அறையின் காற்றுக்கும் அவ்வாறே ஓர் அளவு உண்டு. நல்ல உடல்நிலையில் இருப்பவர் புழுக்கம் மிகுந்தால் எழுந்து வெளியே செல்வார், குளிர்ந்தால் போர்த்திக்கொள்வார். படுக்கையில் கிடப்பவரால் அது இயலாது. ஆகவே அவருக்காக விசிறியையும் ஏ.சி.யையும் ஆள்வதும், அவற்றின் பழுதை முன்னரே கண்டறிவதும் கவனிப்பவரின் கடமையாகின்றன.

நம் வட்டாரத்தில் இப்பாடத்திற்கு ஒரு தனித் தேவையும் எழுந்துள்ளது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல, 2024ஆம் ஆண்டில் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தபின் சமவெளிக்கு இறங்கியுள்ளன. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. இறங்கும்போது அதே அளவு கூடும். மலையில் விசிறியே தேவைப்படாமல் வாழ்ந்த முதியவர் ஒருவருக்கு அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ வரும் முதல் கோடை ஒரு சோதனையே ஆகும்.

தேயிலைத் தொழிற்சாலை கற்பிக்கும் பாடம்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தோருக்குக் காற்றை ஆளும் கலை புதிதன்று. பறித்த பச்சிலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். கம்பிவலை விரித்த நீண்ட தொட்டிகளில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றைச் செலுத்திப் பல மணி நேரம் வாட வைப்பார்கள். மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாட்களில் வெறுங்காற்று இலையின் ஈரத்தை வாங்காது. வெந்நீர்க் குழாயோ அடுப்போ தரும் சூட்டை அளவாகக் கலப்பார்கள். காற்று மிகுந்தால் இலை கருகி உலரும். குறைந்தால் புழுங்கிக் கெடும்.

இலை தன் நிலையை வாய் திறந்து சொல்லாது. எனவே ஈரக்குமிழ், உலர்குமிழ் என்னும் இரண்டு வெப்பமானிகளை மாட்டி, அவற்றின் வேறுபாட்டைக் கண்டு விசிறியையும் சூட்டையும் மாற்றுவார்கள். விசிறியின் ஓசை மாறினால் உடனே சென்று பார்ப்பார்கள்.

நம் பாடத்தின் சாரமும் இதுவே. பக்கவாதம் வந்தவர், நினைவு தடுமாறும் முதியவர், பச்சிளங்குழந்தை, நீண்டகால நீரிழிவால் உணர்வு மங்கியவர் ஆகியோர் வெப்பத்தைச் சரியாக உணரவோ சொல்லவோ மாட்டார்கள். நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்வோர் கோடையில் எளிதில் உடல்நீரை இழப்பர். எனவே "அவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். அறையில் ஒரு சிறு வெப்பமானியை மாட்டுங்கள். காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் பாருங்கள்.

மின்விசிறியை ஆளுதல்

விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. தோலின் மேலுள்ள வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ வேய்ந்த அறை நண்பகலில் இந்த அளவை எட்டக்கூடும். அப்போது விசிறியை மட்டும் நம்பாமல் நோயாளியைக் குளிர்ந்த இடத்திற்கு மாற்ற வேண்டும். அதற்கு வழியில்லையெனில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டே இருங்கள்.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் வரும் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். மோட்டாரின் இழப்புகளால் வீட்டு விசிறியில் முழுப் பயனும் கிட்டாது. எனினும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள விசிறியை மெதுவாக ஓட்டினால் மின்சாரம் குறையும். பழைய பெட்டி ரெகுலேட்டரோ வேகத்தைக் குறைத்து, மிச்சத்தைத் தானே சூடாக்கி வீணாக்கும். சாதாரணக் கூரைவிசிறி முழுவேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். மின்தடையில் இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு நோயாளிக்குக் கூடுதலாகச் சில மணி நேரக் காற்றைத் தரும்.

பழுதின் அறிகுறிகள் இவை:

1. எல்லா வேகத்திலும் மெதுவாகச் சுற்றுதல், தொடங்கத் தயங்குதல்: பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். இது விலை குறைந்த சிறு பொருள். எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். கம்பால் தள்ளிச் சுற்றவிட்டு நாட்களை ஓட்டாதீர்கள். மோட்டார் சூடேறி எரியும்.

2. விசிறியோடு விளக்கும் மங்குதல்: பழுது விசிறியில் இல்லை; மின்னழுத்தம் குறைந்துள்ளது. அண்டை வீட்டிலும் அவ்வாறே எனில் மின்வாரியத்தின் மின்னகத்திற்கு, 94987 94987 என்ற எண்ணில், புகார் செய்யலாம்.

3. முழுவேகம் மட்டும் ஓடுதல்: ரெகுலேட்டர் பழுது.

4. கரகரவென்ற ஓசை: பேரிங் தேய்ந்திருக்கும் அல்லது உலர்ந்திருக்கும்.

5. ஆட்டம்: இறக்கை வளைந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம், கொக்கியில் மாட்டும் போல்ட்டோ அதன் பூட்டுப் பின்னோ தேய்ந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்து. ஆடும் விசிறியை உடனே நிறுத்தி, சரிபார்க்கும்வரை கட்டிலை அதன் அடியிலிருந்து நகர்த்துங்கள்.

6. தீய்ந்த வாடை: சுவிட்சை அணையுங்கள்; மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.

இறக்கையில் படிந்த தூசி, ஆஸ்துமாவும் நெடுநாள் நுரையீரல் நோயும் உள்ளோருக்குத் தீங்கு. நோயாளியை வேறு அறைக்கு மாற்றியபின், மின்சாரத்தை நிறுத்தி, பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி உருவுங்கள். தூசி கீழே சிந்தாமல் உறைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஏ.சி.: எந்த அளவில்?

இந்திய எரிசக்திச் செயல்திறன் பணியகத்தின் விதிப்படி, நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. பெரும்பாலான நோயாளிகளுக்கு 24 முதல் 27 டிகிரி வரை வைத்து, விசிறியை மெதுவாக ஓட்டினால் போதும். மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கைக்கொள்ளுங்கள். 18இல் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது தவறான எண்ணம். பொதுவாக அது குளிரும் வேகத்தைக் கூட்டாது, தேவைக்கு மேல் குளிர்விக்கும். காற்று நோயாளியின் முகத்தில் நேராக அடிக்கலாகாது. தொண்டையில் குழாய் வைத்திருப்பவருக்கு உலர்ந்த குளிர்காற்று சளியை இறுகச் செய்யும்.

ஏ.சி. பழுதை அறியும் முறை

ஏ.சி.யை 15 நிமிடம் ஓடவிடுங்கள். காற்றை உள்ளிழுக்கும் மேற்பகுதியில் வெப்பமானியை வைத்து அளவைக் குறியுங்கள். பின்னர் குளிர்காற்று வெளிவரும் வாயில் வைத்துக் குறியுங்கள். வேறுபாடு பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். மழைக்கால ஈரத்தில் சற்றுக் குறையலாம். வாரந்தோறும் குறித்துவந்து, அளவு படிப்படியாகக் குறைந்தால், இயந்திரம் முழுதும் நிற்குமுன்னரே பழுதை அறிந்துவிடலாம். பின்வரும் வரிசையில் பாருங்கள்:

1. காற்று குறைவு: வடிகட்டி அடைத்திருக்கும். முன்மூடியைத் திறந்து வடிகட்டியை எடுத்து, நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரு வாரத்திற்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

2. காற்று உண்டு, குளிர் இல்லை: வெளியே உள்ள பெட்டியின் விசிறி சுற்றுகிறதா, அதன்முன் துணியோ சாமான்களோ மறைக்கின்றனவா என்று பாருங்கள். விசிறி சுற்றியும் குளிர் இல்லையெனில் கம்ப்ரசரோ வாயுக் கசிவோ காரணமாகலாம், மெக்கானிக்கை அழையுங்கள்.

3. உள்ளே பனிக்கட்டி படிதல்: காற்றோட்டம் குறைந்தாலும் வாயு குறைந்தாலும் இது நேரும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட்டி உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்.

4. உள்ளே நீர் சொட்டுதல்: வடிகுழாய் அடைத்திருக்கலாம். நோயாளி நடக்கும் வழியில் ஈரம் இருந்தால் வழுக்கி விழுவார். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு ஏ.சி. பழுதைவிடப் பெரிய துன்பம்.

5. பூஞ்சை வாடை: நனைந்த சுருளில் பூஞ்சை வளர்ந்துள்ளது. எதிர்ப்பாற்றல் குறைந்தோர் உள்ள அறையில் முழுச் சுத்தம் முடியும்வரை அதை இயக்க வேண்டாம். அணைக்குமுன் கால் மணி நேரம் விசிறியை மட்டும் ஓட்டினால் சுருள் உலரும்.

6. மின்பெட்டியில் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுதல்: ஒருமுறைக்கு மேல் ஏற்றாதீர்கள், மின்கசிவோ கம்பி சூடேறுவதோ காரணமாயிருக்கலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏ.சி.யின் வாயு மூடிய குழாய்க்குள் சுழல்வது, ஓடுவதால் தீர்ந்துபோவதில்லை. கசிந்தால் மட்டுமே குறையும். ஆண்டுதோறும் "கேஸ் போட வேண்டும்" என்பவரிடம், முதலில் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

குளிர்ந்த காற்று வேறு, புதுக்காற்று வேறு

வீட்டு ஏ.சி. அறைக்குள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகிறது. காசநோயாளி இருமிய நுண்துளிகளும் அவ்வாறே சுழலும். காற்று நன்கு கலக்கும் அறையில், மணிக்கு 2 முறை காற்று மாறினால் மிதக்கும் நுண்துகள்களில் 99 விழுக்காடு நீங்க 138 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம். 12 முறை மாறினால் 23 நிமிடம். எனவே காசநோய் மருந்தின் தொடக்க வாரங்களில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். விசிறியின் காற்று நோயாளியைக் கடந்து சன்னல் வழியாக வெளியேறுமாறு அமையுங்கள். கவனிப்பவர் காற்று வரும் பக்கத்தில் அமர வேண்டும்.

குளிர்நாட்களில் சூடேற்றுதல்

மலைவீடுகளில் மழைக்காலக் குளிருக்குக் கரியடுப்பு மூட்டும் பழக்கம் உண்டு. மூடிய அறையில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவைத் தரும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். படுக்கையறையில் கரி வேண்டவே வேண்டாம். விசிறியுள்ள மின் ஹீட்டரில் விசிறி நின்று கம்பி மட்டும் செந்நிறமாக எரிந்தால் உடனே அணையுங்கள். ஆக்சிஜன் பெறுபவரின் அருகே ஹீட்டரோ அடுப்போ விளக்கோ இருத்தலாகாது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கருவிக்கும் காற்று வேண்டும். அதைச் சுவரையோ திரையையோ ஒட்டி வைக்காதீர்கள். அதன் வெளி வடிகட்டியைக் கையேட்டில் உள்ளபடி கழுவுங்கள்.

மருத்துவமனைக்குள் உங்கள் பங்கு

அறுவை அரங்கின் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற வேண்டும் என்றும், அவற்றுள் 4 பங்கேனும் வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்றும் நம் நாட்டு மருத்துவமனைத் தர வழிகாட்டுதல் கூறுகிறது. அக்காற்று, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது. அரங்கினுள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுதியாக இருப்பதால் அழுக்குக் காற்று உள்ளே புகாது. தொற்று நோயாளியின் தனியறையில் இது நேர்மாறு: அழுத்தம் குறைவு, உள்ளிருக்கும் காற்று நடைபாதைக்கு வராது. கதவைத் திறந்தே வைத்தால் இரண்டு ஏற்பாடும் பயனற்றுப்போகும். வார்டில் குளிர் மிகுந்தால் காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைக்காதீர்கள். செவிலியரிடம் போர்வை கேளுங்கள். துவாரத்தில் நீர்க்கசிவோ கருமையோ புது ஓசையோ தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கலாகாது

அறை வெப்பம் மிகுந்து, நோயாளி குழறிப் பேசினாலோ, ஆளை அடையாளம் காணாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியை (104 பாரன்ஹீட்) எட்டினாலோ அது வெப்பத்தாக்கு ஆகலாம். மெக்கானிக்கைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம்

- அறையின் வெப்ப அளவுகளைத் திரும்பிப் பாருங்கள், கூடிவருகிறதா?
- விசிறியின் ஓசையைக் கேளுங்கள், ஆட்டத்தைப் பாருங்கள்.
- ஏ.சி.யின் இரு அளவுகளையும் குறியுங்கள், வடிகட்டியைப் பாருங்கள்.
- பிளக்கையும் வயரையும் புறங்கையால் அணுகிப் பாருங்கள்; சூடு தெரிந்தால் நிறுத்துங்கள்.
- எலக்ட்ரீஷியனின் எண்ணை மருந்துச் சீட்டோடு வையுங்கள்.

குறித்த அளவுகளை அடுத்தமுறை மருத்துவரைக் காண வரும்போது எடுத்து வாருங்கள். இரவில் உறக்கமின்மை, காலையில் தலைச்சுற்றல், குறைந்துபோன சிறுநீர் ஆகியவற்றின் காரணம் சில வேளைகளில் அந்தத் தாளிலேயே இருக்கும்.